பிரித்தானிய ஸ்பவுஸ் விசா மறுக்கப்பட்டால்: மேன்முறையீடு செய்யும் முறை

மறுப்புக் கடிதம் வந்த அன்று அதன் முதல் பக்கத்தை விடக் கடைசிப் பக்கம்தான் அவசரம். மேன்முறையீட்டு உரிமை இருக்கிறதா, எத்தனை நாள் அவகாசம், எங்கே விண்ணப்பிப்பது என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். கடிதம் வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அது வந்த நாள்தான் கணக்கின் தொடக்கம். விண்ணப்பித்தவர் பிரித்தானியாவுக்கு வெளியே இருந்தால், முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 28 நாட்களுக்குள் மேன்முறையீடு குடிவரவு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மார்ச் 3ஆம் திகதி கிடைத்தால் மார்ச் 31 கடைசி நாள். சனி, ஞாயிறும் இந்தக் கணக்கில் சேரும். பிரித்தானியாவுக்குள் இருந்தபடியே துணைவர் விசாவுக்கு (ஸ்பவுஸ் விசா) விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களுக்கு, முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாட்கள் மட்டுமே. அவர்கள் பழைய விசா முடியுமுன் விண்ணப்பித்திருந்து, மேன்முறையீட்டையும் நேரத்துக்குச் செய்தால், வழக்கு முடியும்வரை பழைய விசாவின் உரிமைகள், வேலை செய்யும் உரிமை உட்பட, தொடரும். நாள் தவறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இனி வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் வகையினருக்கு: யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ மனைவியோ கணவனோ காத்திருக்க, லண்டனிலோ லெஸ்டரிலோ இருக்கும் துணை ஸ்பொன்சர் செய்த விண்ணப்பங்களுக்கு.

மேன்முறையீடா, புதிய விண்ணப்பமா

அவசரப்பட்டு முடிவெடுத்துப் பணமும் ஒரு வருடமும் இழப்பது இங்கேதான். மறுக்கப்பட்ட எல்லா விண்ணப்பத்துக்கும் மேன்முறையீடு சரியான மருந்து அல்ல.

கடிதத்தில் மறுப்புக் காரணங்கள் பந்தி பந்தியாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதுங்கள்: இது நாங்கள் கொடுக்கத் தவறிய ஆவணமா, அல்லது கொடுத்ததை அதிகாரி நம்பவில்லையா? ஒரு மாதத்து பே ஸ்லிப் (சம்பளச் சீட்டு) விடுபட்டது, ஆங்கிலத் தேர்வு தவறான வகை, காசநோய்ச் சான்றிதழ் காலாவதியானது போன்றவை முதல் வகை. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதுதான் அநேகமாக வேகமான வழி. வெளிநாட்டிலிருந்து வரும் குடும்ப விசாக்களுக்கு ஹோம் ஒபிஸ் (விசா முடிவுகளை எடுக்கும் உள்துறை அமைச்சு) சொல்லும் கால அளவு 12 வாரம். மேன்முறையீட்டில் விசாரணைத் திகதி கிடைக்கவே பல மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு.

செலவையும் பாருங்கள். 2025 ஏப்ரல் கட்டணப்படி புதிய விண்ணப்பத்துக்கு 1,938 பவுண். அதோடு அரச மருத்துவ சேவைக்காக முன்கூட்டியே கட்டும் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம், 33 மாத விசாவுக்கு மூன்று வருடக் கணக்கில் 3,105 பவுண். மறுத்தால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது. மேன்முறையீட்டுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் விசாரணையோடு 140 பவுண், பத்திரங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்க 80 பவுண். சட்டத்தரணியின் கட்டணம் இதற்கு மேலே.

மேன்முறையீடு கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. “உங்கள் திருமணம் உண்மையானதும் தொடர்வதும் அல்ல” என்று எழுதியிருந்தால், அதே சந்தேகம் அடுத்த விண்ணப்பத்தையும் தொடர்ந்து வரும். “பொய்யான ஆவணம் கொடுத்தீர்கள்”, “உண்மையை மறைத்தீர்கள்” என்று எழுதியிருந்தால் அது இன்னும் கடுமையானது. எதிர்த்துப் பேசாமல் விட்ட குற்றச்சாட்டு கோப்பில் நிலைத்துவிடும், பின்னால் எந்த நாட்டு விசாவுக்குப் போனாலும் அந்தக் கேள்வி எழும். இவற்றை நீதிபதி முன் கொண்டுபோய்த் துடைக்கத்தான் வேண்டும். ஸ்பொன்சருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வருமான எல்லையை இப்போதைக்கு எட்ட வழியே இல்லாத, ஆனால் பிரித்தானியப் பிள்ளையோ கடுமையான நோயோ உள்ள குடும்பங்களுக்கும் மேன்முறையீடே வழி.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தடை இல்லை. மேன்முறையீடு வரிசையில் நிற்கும்போதே குறைகளைத் திருத்திப் புதிதாக விண்ணப்பித்து, விசா வந்தால் மேன்முறையீட்டைத் திரும்பப் பெறலாம். பொய் ஆவணக் குற்றச்சாட்டு இருந்தால் மட்டும் இந்த வழியில் இறங்குமுன் சட்டத்தரணியிடம் பேசுங்கள்.

எதை வைத்து வாதாட முடியும்

“அதிகாரி விதியைத் தவறாகப் பார்த்தார்” என்பதை மட்டும் தனிக் காரணமாக வைத்து இப்போது மேன்முறையீடு செய்ய முடியாது. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. மீதி இருப்பது ஒரே ஒரு காரணம்: இந்த மறுப்பு 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுக்கு முரணானது, அதாவது ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆம் உறுப்புரை காக்கும் குடும்ப வாழ்வை நியாயமின்றிப் பாதிக்கிறது என்பது. படிவத்தில் மேன்முறையீட்டுக் காரணங்களை எழுதும் இடத்தில் இந்த வாசகம் இல்லாமல் “வருமானம் சரியாகத்தான் இருந்தது” என்று மட்டும் எழுதினால், வழக்கு தொடக்கத்திலேயே ஆட்டம் காணும்.

ஆனால் விதிகள் முக்கியமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. துணைவர் விசாவின் விதிகள் முழுவதையும் நீங்கள் நிறைவேற்றியதாக நீதிபதி கண்டால், உங்களை வெளியே நிறுத்திவைப்பதில் பொதுநலன் எதுவும் மிஞ்சாது. மேன்முறையீடு வெல்லும். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் டிஇசட் (பாகிஸ்தான்) வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆகவே வாதத்தின் வரிசை இப்படி அமைய வேண்டும்: முதலில், விதிகள் நிறைவேறியிருக்கின்றன, எனவே மறுப்பு அளவுக்கு மீறியது. அடுத்து, ஏதாவது ஒரு விதி நிறைவேறவில்லை என்று கண்டாலும், குடும்ப விசா விதிகளான அப்பென்டிக்ஸ் எஃப்எம்மின் ஜென் 3.2 பந்திப்படி இந்த மறுப்பு விண்ணப்பதாரி, துணைவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு நியாயப்படுத்த முடியாத கடும் விளைவைத் தருகிறது.

இரண்டாவது வாதத்துக்கு “பிரிந்திருப்பது கஷ்டம்” என்பது போதாது. பிரிவு எல்லோருக்கும் கஷ்டம்தான் என்று நீதிபதி ஒரே வரியில் கடந்து போவார். ஸ்பொன்சர் ஏன் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போய் வாழ முடியாது என்பதைத் தனித்தனி உண்மைகளாக வைக்க வேண்டும்: முந்தைய மணத்துப் பிள்ளையின் பராமரிப்பு நீதிமன்ற உத்தரவு, வைத்தியசாலைக் கடிதம், பராமரிக்கும் தாய் தகப்பனின் உடல்நிலை. ஸ்பொன்சர் அகதி அந்தஸ்து பெற்றவராக இருந்தால் அதுவே பலமான புள்ளி. பிரித்தானியாவே இவர் இலங்கைக்குத் திரும்ப முடியாது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆகவே “அங்கே போய் வாழலாமே” என்ற கேள்விக்கு இடமில்லை. அந்தஸ்துக் கடிதத்தைக் கட்டாயம் உங்கள் சாட்சியக் கோவையில் (ஆவணத் தொகுப்பில்) சேருங்கள். ஆனால் அப்படிப்பட்டவர் கலியாணத்துக்காக இலங்கைக்கே போய் வந்திருந்தால், அந்தப் பயணம் அவருடைய அந்தஸ்தையே கேள்விக்கு உள்ளாக்கலாம். கடவுச்சீட்டு முத்திரைகளைச் சமர்ப்பிக்குமுன் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

வருமான மறுப்புகள்

2024 ஏப்ரல் 11 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு ஸ்பொன்சரின் வருமான எல்லை வருடத்துக்கு 29,000 பவுண். அதற்கு முன் 18,600. அந்தத் திகதிக்கு முன்பே துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்து அதே துணையோடு தொடர்பவர்களுக்குப் பழைய தொகையே பொருந்தும். பிள்ளைகளுக்காகத் தொகை கூடும் முறை புதிய விண்ணப்பங்களுக்கு இப்போது இல்லை. ஸ்பொன்சர் பிஐபி (உடல்நலக் குறைபாட்டுக்கானது), கெயரர்ஸ் அலவன்ஸ் (நோயாளியைப் பராமரிப்பவருக்கானது) போன்ற அரச உதவிப்பணம் பெறுபவரானால் 29,000 தேவையே இல்லை, குடும்பத்தைப் பராமரிக்கப் போதுமானதா என்ற வேறு கணக்குத்தான். மறுப்புக் கடிதத்தில் அந்தக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தெந்த ஆவணம் வேண்டும் என்பதை அப்பென்டிக்ஸ் எஃப்எம்-எஸ்ஈ என்ற விதித் தொகுப்பு சொல்கிறது. தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, கையில் வாங்கும் சம்பளம். கடையிலோ உணவகத்திலோ பெற்றோல் நிலையத்திலோ காசாகச் சம்பளம் வாங்கி, அதில் வீட்டுச் செலவு போக மீதியை வங்கியில் போடுவார்கள். விதி சொல்வது இது: பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை அப்படியே வங்கிக் கூற்றில் தெரிந்தால் மட்டுமே மொத்தச் சம்பளம் கணக்கில் வரும், தெரியாவிட்டால் வங்கியில் போட்ட தொகை மட்டுமே கணக்கு. மாதம் 2,420 பவுண் மொத்தச் சம்பளம் உள்ளவர் வங்கியில் 1,200 போட்டால், அவருடைய வருட வருமானம் 14,400 என்று கடிதத்தில் வரும். இதைப் பின்னால் வாதாடி மாற்றுவது கடினம். இன்றே சம்பளத்தை வங்கிக்கு மாற்றி, ஆறு மாதம் சேர்ந்தபின் புதிதாக விண்ணப்பிப்பதே நேர்வழி. மேன்முறையீடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், வரித் திணைக்களமான ஹெச்எம்ஆர்சியின் தனிநபர் வரிக் கணக்கிலிருந்து வேலை வரலாற்றையும் செலுத்திய வரியையும் எடுத்து வையுங்கள். சம்பளம் உண்மையானது என்பதற்கு அதைவிடப் பலமான சான்று குறைவு.

இரண்டாவது, சொந்தக்காரரின் கொம்பனி. ஸ்பொன்சர் வேலை செய்யும் லிமிட்டெட் கொம்பனியின் பங்குகள் அவரிடமோ, அவருடைய துணையிடமோ, தாய் தகப்பன், பிள்ளை, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி, மருமகன், மருமகள் முறையிலான சகோதரர் பிள்ளைகள், ஒன்றுவிட்ட சகோதரர் போன்ற உறவினரிடமோ இருந்து, மீதிப் பங்குகள் ஐந்து பேருக்குக் குறைவானவர்களிடமே இருந்தால், அவர் சாதாரண ஊழியராகக் கருதப்பட மாட்டார். வெறும் பே ஸ்லிப்பும் வங்கிக் கூற்றும் போதாது. கொம்பனியின் கடைசி முழு நிதியாண்டுக்கான சிடி600 வரி அறிக்கை, கணக்கறிக்கை, கொம்பனியின் வங்கிக் கூற்றுகள் என்று பெரிய பட்டியல் தேவைப்படும். மாமாவின் கடையில் ஒழுங்காகச் சம்பளம் வாங்கி, ஆறு மாதப் பே ஸ்லிப்பைச் சரியாகக் கொடுத்தும் மறுப்பு வருவதன் காரணம் இதுதான். கொம்பனிகளைப் பதிவுசெய்யும் அரச அலுவலகமான கொம்பனீஸ் ஹவுஸ் இணையத்தளத்தில் பங்குதாரர் விபரம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதிகாரியும் அங்கே பார்ப்பார். மறுதலையாக, பங்குகள் உறவினரிடம் இல்லாமலே அதிகாரி அப்படி எண்ணிவிட்டால், அந்தப் பதிவை அச்செடுத்து வைத்தாலே அந்தப் புள்ளி தீரும்.

மூன்றாவது, மணிக்கணக்குச் சம்பளம். ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்பவருக்கு, மாதச் சம்பளமானால் அந்த ஆறு மாதத்தில் இருந்த மிகக் குறைந்த அளவை வைத்து வருடக் கணக்கு. மணிக்கணக்கானால் ஆறு மாத மொத்தத்தை 6ஆல் வகுத்து 12ஆல் பெருக்க வேண்டும். மணிக்கணக்கு ஊழியரை மாதச் சம்பளக்காரர்போல் எடுத்து, விடுமுறை எடுத்த ஒரு மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், அது அதிகாரியின் பிழை. வேலை ஒப்பந்தத்தையும் முதலாளியின் கடிதத்தையும் வைத்து, கணக்கை ஒரு அட்டவணையாகப் போட்டு நீதிபதிக்குக் காட்டுங்கள். வேலை மாறி ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்கு வேறு: இன்றைய சம்பளமும் எல்லையை எட்ட வேண்டும், கடந்த 12 மாதத்தில் கையில் வந்த மொத்தமும் எட்ட வேண்டும்.

சேமிப்பு கொண்டு குறையை ஈடுகட்டலாம். குறையும் தொகையை 2.5ஆல் பெருக்கி, அதோடு 16,000 சேர்க்க வேண்டும். 25,000 சம்பாதிப்பவருக்குக் குறை 4,000. 4,000 × 2.5 = 10,000, அதோடு 16,000, ஆக 26,000 பவுண் சேமிப்பு. வருமானமே இல்லாதவருக்கு 88,500. அந்தப் பணம் விண்ணப்பத்துக்கு முன் ஆறு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும், எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். கலியாணத்துக்குச் சீதனமாகவோ அன்பளிப்பாகவோ வந்த பணம் மூன்று மாதம் மட்டுமே கணக்கில் இருந்தால் செல்லாது. காணியோ வீடோ விற்று வந்த பணத்துக்கு, அந்தச் சொத்து முன்பே உங்களுடையது என்று சொத்து உறுதிப் பத்திரமும் விற்பனைப் பத்திரமும் காட்டினால், ஆறு மாத நிபந்தனையில் அந்தச் சொத்து இருந்த காலமும் சேரும். சுயதொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்க முடியாது. ஊரில் விண்ணப்பதாரி பார்க்கும் வேலையின் சம்பளம் கணக்கில் வராது, ஆனால் அங்கே தம்பதிக்குச் சொந்தமான, அவர்கள் குடியிருக்காத வீட்டிலிருந்து வரும் வாடகை வரும்.

உறவை நம்பாத மறுப்புகள்

இவை ஆவணக் குறையைவிட மனத்தைச் சுடும். ஆனால் மேன்முறையீட்டில் வெல்ல நல்ல வாய்ப்புள்ளவையும் இவைதான், ஏனென்றால் நீதிபதி முன் ஒரு மனிதர் நேராக நின்று பதில் சொல்ல முடிகிறது. அதோடு, 2002ஆம் ஆண்டுக் குடியுரிமை, குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி மறுப்புக்குப் பிறகு நடந்தவற்றையும் நீதிபதி பார்க்கலாம். மறுப்புக்குப் பின் ஸ்பொன்சர் மீண்டும் ஊருக்குப் போய் மனைவியோடு இருந்தது, பிள்ளை உண்டானது, தொடர்ந்து பேசியது, எல்லாம் சாட்சியமாகும். ஆகவே வழக்கு நடக்கும் மாதங்களை வீணாக விடாதீர்கள்.

திகதி முரண்பாடுதான் அடிக்கடி வரும் பிரச்சினை. விசா அலுவலுக்காக எழுத்து (பதிவுத் திருமணம்) முதலில் நடக்கும், சில மாதங்கள் கழித்துத் தாலி கட்டும் கலியாணம் நடக்கும். படிவத்தில் எழுத்துத் திகதி, நேர்காணலில் கலியாணத் திகதி, உறவினர் கடிதத்தில் நிச்சயதார்த்தத் திகதி. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இது பொய்யாகத் தெரியும். வாக்குமூலத்தில் ஒரு காலவரிசை கொடுங்கள்: சாதகம் பொருந்திய மாதம், பெண் பார்த்த நாள், எழுத்து, கலியாணம், ஸ்பொன்சர் திரும்பிய நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆவணத்தின் பக்க இலக்கம். பெரியவர்கள் பேசி முடித்த பேச்சுக்கால் கலியாணத்தில் கலியாணத்துக்கு முன்னான பழக்கம் குறுகியதாகத்தான் இருக்கும். அதை மறைக்க வேண்டாம். யார் பேசினார்கள், ஏன் சம்மதித்தீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதி, கலியாணத்துக்குப் பின்னான தொடர்பைக் கனமாகக் காட்டுங்கள்.

பெயரும் அப்படித்தான். தகப்பன் பெயர் ஒரு ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் வரும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள்.

வட்ஸ்அப் உரையாடலை ஐந்நூறு பக்கம் அச்செடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. நீதிபதி அதைப் படிக்க மாட்டார். மாதத்துக்கு மூன்று நான்கு பக்கம், அழைப்புப் பதிவுகள், நாள் தெரியும்படி. தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விபரம், “மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு” என்ற உறுதிமொழி ஆகியவை அதில் இருக்க வேண்டும். மொழிபெயர்க்காத பக்கங்களுக்கு எடை கிடைக்காது. படங்களுக்குக் கீழே திகதி, இடம், நிற்பவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். கூறைச்சேலையோடு எடுத்த நாற்பது படங்களைவிட, வெவ்வேறு பயணங்களில் இரு குடும்பத்தாரோடும் எடுத்த பத்துப் படங்கள் மேல்.

பணம் அனுப்பியதற்குச் சான்று கேட்பார்கள். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் அனுப்பிய பணத்துக்குக் கடதாசி இல்லை. பின்திகதியிட்ட ரசீது எதையும் யாரிடமும் வாங்காதீர்கள், அது பிடிபட்டால் உண்மையான கலியாணமும் சேர்ந்து விழும். இன்றிலிருந்து வங்கி வழியாக, துணையின் பெயருக்கே அனுப்பத் தொடங்குங்கள்.

பொய், மறைப்பு என்ற குற்றச்சாட்டு

முன்பு வேறு நாட்டு மாணவர் விசா மறுக்கப்பட்டதைப் படிவத்தில் எழுதாமல் விடுவது இங்கே வழக்கமான காரணம். முகவர் படிவம் நிரப்பும்போது “இல்லை” என்று போட்டுவிடுவார், விண்ணப்பதாரிக்குத் தெரியவே தெரியாது. நேர்மையின்மையை நிரூபிக்கும் பொறுப்பு ஹோம் ஒபிசினுடையது. தவறு நடந்தது என்பது மட்டும் போதாது, வேண்டுமென்று ஏமாற்றினார் என்று காட்ட வேண்டும். படிவத்தை யார் நிரப்பினார், உங்களுக்கு வாசித்துக் காட்டினாரா, முகவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் என்ன என்பதை வாக்குமூலத்தில் வையுங்கள். மறுப்புக் கடிதம் எந்த ஆவணத்தைப் பொய் என்கிறதோ, அதை வழங்கிய வங்கியிடமோ முதலாளியிடமோ உறுதிப்படுத்தும் கடிதம் பெறுங்கள்.

ஆங்கிலம், காசநோய், வீடு பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆங்கிலம் தொடக்க நிலையான ஏ1 அளவில் பேசுதல், கேட்டல் மட்டும், ஆனால் ஹோம் ஒபிஸ் அங்கீகரித்த பாதுகாப்பான தேர்வாக இருக்க வேண்டும். சாதாரண ஐஈஎல்டிஎஸ் செல்லாது. இலங்கை, இந்தியா இரண்டிலிருந்தும் விண்ணப்பிப்பவர்களுக்குக் காசநோய்ச் சான்றிதழ் தேவை, அது ஆறு மாதம் செல்லும். வீட்டில் ஆட்கள் அதிகம் என்ற மறுப்புக்கு அறைகளின் எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கை போதும்.

தாக்கல் செய்தபின் நடப்பது

இணையத்தில் விண்ணப்பிக்கும்போது மறுப்புக் கடிதத்தை ஏற்றி, கட்டணம் செலுத்தி, விசாரணை வேண்டும் என்று தெரிவுசெய்யுங்கள். 60 பவுணை மிச்சப்படுத்தப் பத்திர முடிவைத் தெரிவுசெய்ய வேண்டாம். உறவை நம்பாத வழக்கில் ஸ்பொன்சரை நீதிபதி நேரில் பார்ப்பதுதான் உங்கள் பலம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் அந்தப் படிவத்திலேயே கேளுங்கள். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் குறிப்பிடலாம். நாள் தவறியிருந்தால் காரணத்தையும் சான்றையும் சேர்த்து அவகாசம் கேளுங்கள்.

அதே வாரம் இன்னொன்றும் செய்யுங்கள். ஹோம் ஒபிசிடம் உங்கள் கோப்பின் பிரதியைக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். இது இலவசம். அதிகாரியின் உட்குறிப்புகளும் நேர்காணல் பதிவும் அதில் இருக்கும். நேர்காணலில் நீங்கள் சொன்னதும் கடிதத்தில் எழுதியதும் ஒன்றா என்று சரிபார்க்க இதுவே வழி.

தாக்கலுக்குப் பின் ஹோம் ஒபிஸ் தன் ஆவணக் கோவையை ஏற்றும். அதன்பின் உங்கள் வாதச் சுருக்கமும் சாட்சியக் கோவையும் போக வேண்டும். அவற்றைப் படித்து ஹோம் ஒபிஸ் தன் முடிவை மீளாய்வு செய்யும். இந்தக் கட்டத்திலேயே முடிவைத் திரும்பப் பெற்று விசா கொடுப்பதும் உண்டு, ஆகவே “விசாரணை நாளில் காட்டலாம்” என்று நல்ல ஆவணத்தை ஒளித்து வைக்காதீர்கள். கோவை ஒரே பிடிஎஃப் ஆக, முன்னால் பொருளடக்கத்தோடு, எல்லாப் பக்கத்துக்கும் இலக்கமிட்டு இருக்கட்டும்.

வாக்குமூலம் இரண்டு வேண்டும், ஸ்பொன்சருடையது ஒன்று, விண்ணப்பதாரியுடையது ஒன்று. பந்திகளுக்கு இலக்கமிட்டு, மறுப்புக் கடிதத்தின் ஒவ்வொரு காரணத்துக்கும் அதே வரிசையில் பதில் எழுதுங்கள். விண்ணப்பதாரிக்கு ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டு, மொழிபெயர்ப்பைச் சேருங்கள். தெரியாத ஆங்கிலத்தில் சட்டத்தரணி எழுதியதில் கையெழுத்து மட்டும் போட்டால், குறுக்கு விசாரணையில் ஸ்பொன்சரின் பேச்சும் அதுவும் பொருந்தாமல் போகும்.

வெளிநாட்டிலிருந்து காணொளியில் வாய்மூலச் சாட்சியம் கொடுக்க அந்த நாட்டின் சம்மதம் தேவை, அதைப் பிரித்தானிய வெளியுறவு அமைச்சு வழியாகப் பெற வேண்டும். எழுத்து வாக்குமூலத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே பெரும்பாலான வழக்குகளில் சாட்சிக் கூண்டில் ஸ்பொன்சர் மட்டுமே.

விசாரணை லண்டனில் டெய்லர் ஹவுஸ், ஹட்டன் குறொஸ் போன்ற நிலையங்களிலோ, பேர்மிங்ஹாம், மஞ்செஸ்டர் போன்ற நகரங்களிலோ, காணொளியிலோ நடக்கும். ஸ்பொன்சர் தன் வாக்குமூலத்தை உறுதிப்படுத்துவார், ஹோம் ஒபிஸ் அலுவலர் குறுக்குக் கேள்வி கேட்பார், கடைசியில் இரு தரப்பு வாதம். மாமனாரின் தொழில், மனைவி காலையில் என்ன செய்கிறார், கடைசியாக எப்போது பேசினீர்கள், நீங்கள் ஏன் அங்கே போய் வாழக் கூடாது என்பவைதான் வழக்கமான கேள்விகள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன ஒரு திகதி முழுச் சாட்சியத்தையும் கெடுக்கும். தீர்ப்பு பெரும்பாலும் பிறகு எழுத்தில் வரும்.

யாரிடம் போவது என்பதிலும் கவனம் வேண்டும். தீர்ப்பாயத்தில் வாதாட சொலிசிட்டர், பாரிஸ்டர் அல்லது குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் மூன்றாம் நிலைப் பதிவுள்ள ஆலோசகர் போன்றோருக்கே அனுமதி. இந்தச் சபை 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்ற பெயரில் இருந்தது. பதிவை இணையத்தில் சரிபார்க்கலாம். “எனக்கு உள்ளே ஆள் தெரியும்” என்பவரிடம் ஒரு பவுணும் கொடுக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வகை வழக்குக்குச் சாதாரணமாக அரச சட்ட உதவி கிடையாது, விசேட நிதிக்கு விண்ணப்பிக்க மட்டும் வழியுண்டு.

தோற்றால், வென்றால்

தோற்றால், தீர்ப்பில் சட்டப் பிழை இருந்தால் மட்டும் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீதிபதி உங்களை நம்பவில்லை என்ற வருத்தம் மட்டும் சட்டப் பிழை ஆகாது. முக்கிய சாட்சியத்தைப் பார்க்காமல் விட்டது, தவறான சோதனையைப் பயன்படுத்தியது, காரணம் சொல்லாமல் தள்ளியது போன்றவை ஆகும். வெளிநாட்டில் இருக்கும் விண்ணப்பதாரிக்கு இதற்கு 28 நாள், முதலில் அனுமதி கேட்க வேண்டியது வழக்கை விசாரித்த கீழ்த் தீர்ப்பாயத்திடமே. பல வேளைகளில் தீர்ப்பு சுட்டிய குறையை நிறைவு செய்து புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது. உறவு உண்மையானது என்று அந்த நீதிபதி ஏற்றுக்கொண்டிருந்தால், அந்தத் தீர்ப்பே புதிய விண்ணப்பத்தின் பெரிய பலம்.

வென்றாலும் விசா மறுநாள் வராது. மேல் தீர்ப்பாயத்துக்குப் போக ஹோம் ஒபிசுக்கும் அனுமதி கேட்க 14 நாள் உண்டு. அது கழிந்தபின் விசாப் பிரிவு தொடர்புகொண்டு கடவுச்சீட்டையும், காலாவதியான காசநோய்ச் சான்றிதழுக்குப் பதில் புதியதையும், திருப்பித் தந்த சுகாதாரக் கட்டணத்தையும் கேட்கும். அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள். செலுத்திய 140 பவுணைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம், ஆகவே வாதத்தின் முடிவில் அதைக் கேளுங்கள். வாரங்கள் கடந்தும் அசைவு இல்லையென்றால், தீர்ப்பின் பிரதியோடு எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால், நீதிமுறை மீளாய்வுக்கு (அரசின் செயலை நீதிபதி ஆராயும் வழக்கு) முந்தைய கடிதம் ஒன்றை 14 நாள் கெடுவோடு சட்டத்தரணி மூலம் அனுப்பலாம். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் அதே நாளில் எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.